மண்டாயில் சந்திப்போம்

அவர் எடுத்த படங்களில் எதுவுமே முழுசாக இருக்காது. மீன்கொத்தி என்றால் வாலும் கொஞ்சம் நீலமும். குரங்கு என்றால் கிளையைப் பிடித்திருக்கும் ஒரு கை. மரம் என்றால் இடுப்பு மட்டும்; உச்சியும் கிடையாது, வேரும் கிடையாது. முதல் தடவை எங்கள் சமூக மன்றத்துக்கு வந்து முகப்பு மேசையில் அந்தப் படங்களைப் பரப்பியபோது, பாவம், கை நடுக்கம் உள்ள மனுஷன் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மதிய வேளை. எனக்குப் பசி. யாரிடமும் நல்ல வார்த்தை பேசும் நிலையில் நான் இல்லை.

"தம்பி, பறவை எங்க?" என்றேன்.

"அங்கதான் இருக்குக்கா."

"எங்க?"

"சுங்கை பூலோவுல."

தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சதுப்புநிலக் காட்டைச் சொல்கிறார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ரொம்ப மரியாதையாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது நான் சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய அந்த மன்றத்தில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர். பெரிய பேர்தான். வேலை என்னவென்றால், வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் தமிழர்களை எப்படியாவது கிளப்பி ஓரிடத்தில் கூட்டுவது. கோலப் போட்டி, முதியோர் யோகா, நீரிழிவு பற்றிய உரை, பட்டிமன்றம். இருபத்து மூன்று வருஷம். எந்த நிகழ்ச்சியின் பேரைக் கேட்டாலும் எத்தனை நாற்காலி போடணும், அதை யார் அடுக்கி வைக்கப்போகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பெரும்பாலும் நான்தான் அடுக்கி வைப்பேன்.

இவருடைய நிகழ்ச்சிக்கு நாற்காலி தேவையில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது என்று சொன்னால் பொய்யில்லை.

மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். நிறுவனத்தின் நீலச்சட்டையைத் தவிர வேறு சட்டையில் நான் பார்த்ததில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆட்களைப் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குக் கூட்டிப் போகிறேன், கைத்தொலைபேசியில் படம் எடுக்கச் சொல்லித் தருகிறேன், சம்பளம் எதுவும் வேண்டாம் என்றார்.

"சும்மா நடக்கக் கூட்டிட்டுப் போகலாமே தம்பி, படம் எதுக்கு?"

"நடக்க வாங்கன்னா முட்டி வலின்னுவாங்கக்கா. போட்டோ எடுக்க வாங்கன்னா மூணு கிலோமீட்டர் நடந்துட்டு, அப்புறம்தான் முட்டி இருக்குன்னே ஞாபகம் வரும்."

மேலாளரிடம் சொன்னேன். அவர் சீனப் பெண்மணி. நல்லவர்தான், ஆனால் எல்லாமே அவருக்கு எண்ணிக்கைதான். "ஃபிஃப்டீன் பீப்பிள் மஸ்ட் வாக், லா," என்றார். பதினைந்து பேர் நடக்க வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் குறைந்தால் நிகழ்ச்சியை மூடிவிடுவார்கள். எனக்குப் பழகிய விதி. மின்தூக்கிக்காரரிடம் சொன்னபோது, அந்தப் பதினைந்தை ஏதோ சாமி நம்பர் போல ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பாதிப் படத்துக்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. "முழுசாக் காட்டிட்டா, சோபாவுல உக்காந்தபடியே பாத்துட்டு, ஒரு கட்டைவிரலப் போட்டுட்டுப் போயிடுவாங்கக்கா. பாதி காட்டினாத்தான், மிச்சம் எங்கன்னு..." அதோடு நிறுத்திவிடுவார். பேச்சும் அப்படித்தான். முக்கியமான எந்த விஷயத்தையும் அவர் வாயிலிருந்து முழுசாக வாங்க முடியாது. அலுவலகத்தில் 'பாதிப்படம்' என்று பேர் வைத்தோம். பேர் வைத்ததே நான்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

சுங்கை பூலோவுக்குப் போன முதல் நடையில் எல்லாரும் முதலை பார்க்கத்தான் வந்தார்கள். சேற்றோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதலை, இவர்கள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. எல்லாருக்கும் ஏமாற்றம். இவர் மட்டும் சேற்றைக் காட்டி, "இத எடுங்க," என்றிருக்கிறார். வயிறு இழுபட்ட தடம், இரண்டு பக்கமும் கால் பதிந்த குழிகள், தடம் தண்ணீரில் போய் முடிகிற இடத்தில் இன்னும் அடங்காத கலங்கல். புக்கிட் மேராவிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். "முதலைய காட்றேன்னு சொல்லிட்டு சேத்தப் படம் எடுக்க வைக்கிறாரும்மா உங்க ஆளு!" நான் மன்னிப்புக் கேட்டேன். அது என் வேலையில் பாதி. ஆனால் அந்தச் சேற்றுப் படத்தை ஆன்ட்டி குடும்ப வாட்ஸப்பில் போட்டிருந்தார். அவர் அக்கா தங்கைமார், 'என்னது இது', 'டயர் தடமா', 'எங்கடி போன' என்று கேட்டுக் கேட்டு, அடுத்த மாதம் மூன்று பேராக வந்து நின்றார்கள்.

இலை பறிக்காதே, குரங்குக்குப் போடாதே, பாதையை விட்டு இறங்காதே என்று பலகையில் எழுதியிருப்பதை அவர் வாயால் சொன்னதேயில்லை. யாராவது ஒரு கொத்து இலையை நோக்கிக் கையை நீட்டினால், "ஆன்ட்டி, அப்படியே, கைய எடுக்காதீங்க, தொடவும் செய்யாதீங்க," என்று ஓடி வந்து, இலைக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் படம் எடுப்பார். எடுத்து முடித்ததும் பறிக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குப் போய்விடும். அந்த விரலின் சொந்தக்காரி ஒருவர், அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

நான் உள்ளே போனதில்லை. ஒன்றரை வருஷம், ஒவ்வொரு முதல் ஞாயிறும் பேருந்து நிறுத்தத்தில் பட்டியலோடு நிற்பேன், கையெழுத்து வாங்குவேன், பட்டியலை அவர் கையில் கொடுப்பேன். அவர்கள் மரங்களுக்குள் போவார்கள். எதிர்ப்பக்கம் பேருந்து வந்ததும் நான் ஏறிவிடுவேன். மெக்ரிட்சி, புக்கிட் தீமா, எல்லா இடத்திலும் எனக்குத் தெரிந்தது பேருந்து நிறுத்தம் மட்டும்தான். மேலாளர்கூட ஒருமுறை, "யூ வாக், யூ கவுண்ட். யூ ஆல்சோ ரெசிடென்ட், வாட்," என்றார். நானும் குடியிருப்பாளர்தானாம், நடந்தால் என்னையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளலாமாம். ஞாயிற்றுக்கிழமையும் நடக்கச் சொல்கிறாள் பார் என்று மனசுக்குள் முனகிக்கொண்டேன்.

அவர் என்னை வற்புறுத்தியதில்லை. பட்டியலை வாங்கும்போது, "அக்கா, நீங்களும்..." என்பார். நான் கைப்பையை மூடிக்கொண்டிருப்பேன். அவர் போய்விடுவார்.

எல்லாரையும் இழுக்க ஒவ்வொரு வழி வைத்திருந்தார். தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி பிளாக் ஒன்றில் மின்தூக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஓர் அங்கிள், கையில் ஈரச்சந்தையில் வாங்கிய மீன். கூட வந்த மெக்கானிக் மேலே இயந்திர அறையில் வேலை பார்க்க, இவர் கதவிடுக்கில் வாயை வைத்து அங்கிளுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். எப்படி? புக்கிட் தீமாவில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கி ஒரு மரத்தில் சாயப் போனாராம். மரப்பட்டை என்று நினைத்த இடத்தில் இரண்டு கண் திறந்ததாம். அந்தக் கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு, மடிப்புக்குள் எதுவோ அசைந்ததாம். அந்த நேரம் பார்த்து மின்தூக்கி கீழே இறங்கிக் கதவு திறந்துவிட்டது.

"அப்புறம்?" என்று அங்கிள் வெளியே வராமலே கேட்டிருக்கிறார்.

"ஞாயித்துக்கிழம வாங்க அங்கிள்."

அடுத்த ஞாயிறு நிறுத்தத்தில் அந்த அங்கிள் என்னிடம் வந்து, "பேர எழுதிக்கம்மா. அந்த ஆளு கதைய முடிக்கல," என்றார். ஆறேழு மாதம் விடாமல் வந்தார். கதை முடிந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

அவரைப் பற்றி எனக்கும் பாதிதான் தெரியும். "வீட்டுல யாரு யாரு தம்பி?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் இருக்கேன்க்கா, அப்புறம்..." என்றார். மேசைத் தொலைபேசி அடித்தது, எடுத்துப் பேசினேன், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். அந்த 'அப்புறம்' மனைவியா, அம்மாவா, வெறும் சுவரா, எனக்கு இன்றுவரை தெரியாது. மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் வந்தால் அதையும் சுமக்க வேண்டுமே என்ற அலுப்பு. இப்போது அவருடைய கைத்தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டால் வேறு யாரோ மலாய்க்காரர் எடுக்கிறார்.

ஒன்றில் மட்டும் அவர் முழு ஆள். பட்டியலில் பொய் எழுத விடமாட்டார். ஒரு மாதம் பதின்மூன்று பேர்தான் வந்தார்கள். நான் பேனாவை எடுத்து, "எங்க வீட்டுக்காரர், மச்சான் ரெண்டு பேரையும் போட்டுடறேன், யாருக்குத் தெரியப்போகுது," என்றேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படி எத்தனை நாற்காலிகளை நிரப்பியிருப்பேன். அவர் பட்டியலை மெதுவாக என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"வராதவங்கள எழுதாதீங்கக்கா. வந்தவங்களுக்கு அசிங்கம்." அவர் கறாராகச் சொல்லி நான் கேட்ட ஒரே வாக்கியம் அது. பேருந்திலிருந்து தாமதமாக இறங்கிய ஒரு தம்பதியால் அன்று தப்பித்தோம்.

பிறகு சரிவு. ஒரு மாதம் பள்ளித் தேர்வு, பதினோரு பேர். அடுத்த மாதம் தொடர்ந்து கல்யாணங்கள், ஒன்பது பேர். கையெழுத்து வாங்கும் அதே படிவத்தின் அடியில் 'எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. முதலில் 'தேர்வு' என்றும், பிறகு 'முகூர்த்த நாள்' என்றும் எழுதினேன். மேலாளர், முகூர்த்தம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "நெக்ஸ்ட் மந்த் லாஸ்ட் சான்ஸ்," என்றார். இன்னொரு தடவை பதினைந்துக்குக் குறைந்தால் அவ்வளவுதான்.

பாதிப்படத்திடம் சொன்னேன். "மண்டாய் போவோம்க்கா," என்றார். அங்கே நீர்த்தேக்கத்தை ஒட்டிக் காட்டுக்குள் பலகை நடைபாதை இருக்கிறது, காலைப் பனியில் அதைப் பார்த்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்றார். ஒரு படமும் கொடுத்தார். பலகைப் பாதை கொஞ்ச தூரம் போய் வெள்ளைப் பனிக்குள் காணாமல் போகிறது. ஆளில்லை, பறவையில்லை. வழக்கம்போல மிச்சமும் இல்லை.

சுவரொட்டியை நான்தான் செய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். காலையிலிருந்து இரண்டு நிகழ்ச்சி முடித்து, நாற்காலி அடுக்கி, கால் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலச் சுவரொட்டியில் மேலாளர் 'சீ யூ அட் மண்டாய்' என்று போட்டிருந்தார். பனிக்குள் மறையும் பாதைக்கு மேலே நான் கொட்டை எழுத்தில் தட்டினேன்: 'மண்டாயில் சந்திப்போம்! குடும்பத்துடன் வாருங்கள்.'

மண்டாய் என்றால் எங்களுக்கு என்ன என்று சிங்கப்பூர்த் தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலங்குத் தோட்டம் இருக்கிறது, நீர்த்தேக்கம் இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் 'மண்டாய்க்குப் போயிட்டு வர்றோம்' என்று யாராவது சொன்னால், யார் இறந்தது என்றுதான் அடுத்த கேள்வி வரும். தகனச்சாலை அங்கே. இங்கே பிறந்து வளர்ந்தவள் நான், என் அப்பாவையும் மாமியாரையும் அங்கே கொண்டுபோய் விட்டவள், அன்று சாயங்காலம் எனக்கு அது தோன்றவேயில்லை. மேலாளருக்குத் தமிழ் தெரியாது. சனிக்கிழமை காலை சிராங்கூன் சாலை முழுக்க ஒட்டியாகிவிட்டது.

முதல் அழைப்பு மாலைக்கடை அம்மாவிடமிருந்து. "ஏம்மா, கல்யாண மாலைக்கு அட்வான்ஸ் குடுக்க வர்றவங்க நிக்கிற எடத்துல இத ஒட்டியிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" அடுத்து ஒரு பெரியவர். "கூட்டிட்டுப் போறீங்க, சரி. திரும்பக் கூட்டிட்டு வருவீங்கல்ல?" இன்னொருவர், போய்வந்து தலை முழுகணுமா என்று கேட்டார். குடும்பத்துடன் என்றால் எத்தனை பேர் வரை என்று ஒரு குரல் கேட்டுச் சிரித்துவிட்டு வைத்தது. மத்தியானத்துக்குள் சுவரொட்டி பிடோக் வரைக்கும் வாட்ஸப்பில் போய்விட்டது. மேலாளர் விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்து, உடனே எல்லாவற்றையும் கிழிக்கச் சொன்னார்.

கிழித்துக்கொண்டிருந்தபோது பாதிப்படம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, வெகு நேரம் பார்த்தார்.

"அக்கா, இது எம் படத்த விட நல்லா இருக்கு."

"தம்பி, கிண்டல் பண்ணாதீங்க. எனக்குச் செத்துடலாம் போல இருக்கு."

"இல்லக்கா. வருவாங்க," என்றார்.

அடுத்த வாரம், முதல் ஞாயிறு காலை, மண்டாய் நிறுத்தத்தில் பட்டியலோடு நின்றேன். ஒருத்தரும் வரமாட்டார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்பது என் எண்ணம். முந்தின நாள் முழுக்க மன்றத்தில் ரத்ததான முகாம். கணுக்கால் இரண்டும் செருப்புக்குள் அடங்கவில்லை. ஆனால் வந்தார்கள். சுவரொட்டியைக் கேலி செய்தவர்களில் நாலு பேர், கேலி செய்துகொண்டே வந்தார்கள். முதலைத்தட ஆன்ட்டியும் அக்கா தங்கைகளும் வந்தார்கள். கதை முடியாத அங்கிள் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் தனியாக, எல்லாரையும் விட்டுத் தள்ளி நின்றார். பேர் கேட்கப் போனேன்.

"பிடோக்லேர்ந்து வர்றேன்மா," என்றார். "எம் பொண்டாட்டிய இங்கதான் விட்டுட்டுப் போனேன். மூணு வருஷம். அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல. பஸ்கூட இந்த ரோட்ல வந்தா ஏறமாட்டேன். மகன் போன்ல உங்க போஸ்டர காட்டிச் சிரிச்சான். சந்திப்போம்னு போட்டிருந்துச்சு."

பேனாவைக் கொடுத்தேன். நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

எண்ணினேன். பதினான்கு. மறுபடி எண்ணினேன். இன்னொரு பேருந்து வந்து போனது, யாரும் இறங்கவில்லை. தம்பியும் எண்ணிவிட்டார் என்று தெரிந்தது. என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார்.

"அக்கா, நீங்களும்..."

நடந்திருந்தால் பதினைந்து. ஒரு மணி நேரம், பலகைப் பாதை, மேடு பள்ளம்கூட இல்லை. எனக்குப் பயம் இல்லை. அப்பாவின் ஞாபகம் வந்து தடுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபம். வெறும் அலுப்பு. வீட்டில் துவைக்காத துணி, மறுநாள் காலை கூட்டம், அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் என் பேருந்து வருவது தெரிந்தது.

"அடுத்த மாசம் கண்டிப்பா வர்றேன் தம்பி," என்றேன். அடுத்த மாதம் என்று ஒன்று இனி இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"பரவால்லக்கா. காலப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, அந்தப் பதினான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைச்சட்டைக்காரர் கடைசியாக நடந்தார். நான் சாலையைக் கடந்து பேருந்தில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது.

மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே அவர் வந்து படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பதினான்கு கையெழுத்து. கீழே, காரணம் என்ற கட்டம். அதை நான்தான் நிரப்புவது வழக்கம். அன்று அவரே நிரப்பியிருந்தார், கோணல்மாணலான பெரிய எழுத்தில், ஒரே சொல். 'மழை.'

ஞாயிற்றுக்கிழமை மண்டையைப் பிளக்கிற வெயில். தீவில் ஒரு மூலையிலும் தூறல்கூட இல்லை. வராத ஒரு பேரை எழுத விடாத மனுஷன், எனக்காக உட்கார்ந்து அந்தப் பொய்யை எழுதியிருக்கிறார். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகப்பு மேசையில் அழுதேன். பக்கத்து மேசைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திருத்தி, உண்மையைப் போட்டிருக்கலாம். கட்டத்தில் இடம் இருந்தது.

மேலாளர் வந்து, படிவத்தை வாங்கி, அந்தச் சொல்லைக் காட்டி என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"யெஸ்டர்டே ரெய்ன் ஆ?" என்று ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒன்லி மண்டாய். ஹெவி," என்றேன்.